ரசிகர் படைத்த உலகங்கள் – 7: சைக்ளோஸ்டைல் தாளில் பிறந்த சொல்

சென்ற வாரம் கிளீவ்லாந்து நகரத்துப் பள்ளிப் பையன்கள் இருவரோடு நிறுத்தியிருந்தோம். ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷஸ்டர் வரைய, அவர்கள் தாங்களே நடத்திய சைக்ளோஸ்டைல் இதழில் 1933 ஜனவரியில் ஒரு சூப்பர்மேன் தலைகாட்டினான். அந்தக் கதையில் அவன் வில்லன். ஐந்து ஆண்டுகள் கழித்து 1938-ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அவன் நாயகனாகத் திரும்பி வந்ததையும், 130 டாலருக்கு அவன்மீதான உரிமை கைமாறியதையும் பார்த்தோம்.

இந்த வாரமும் கிளீவ்லாந்திலிருந்தே தொடங்குகிறோம். ஆண்டு மட்டும் மாறுகிறது: 1966.

கிளீவ்லாந்தில் ஒரு முன்னோட்டம்

அந்த ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் உலக அறிவியல் புனைகதை மாநாடு கிளீவ்லாந்தில் கூடியது. அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர்கள் அப்போதே நாற்பது வயதுப் பரம்பரை. 1926-ல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கி, வாசகர் கடிதங்களை முகவரியோடு வெளியிட்டார். அந்த முகவரிகளைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் தமக்குள் எழுதிக்கொண்டார்கள். கடிதங்கள் சங்கங்களாகின, சங்கங்கள் இதழ் நடத்தின. 1940-ல் அந்த இதழ்களுக்கு 'ஃபேன்ஸீன்' என்ற பெயரும் வந்து சேர்ந்தது. ரசிகர் நடத்தும் பத்திரிகை என்று பொருள்.

இந்தப் பழம்பெரும் கூட்டத்தின் முன்னால் படச்சுருளோடு வந்து நின்றார் ஜீன் ரோடன்பெரி. இரண்டாம் உலகப்போரில் விமானம் ஓட்டியவர். லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் வேலை பார்த்தவர். தொலைக்காட்சிக்கு எழுதுவதற்காக அந்த வேலையை விட்டவர். அவர் உருவாக்கிய 'ஸ்டார் ட்ரெக்' செப்டம்பர் 8-ம் தேதிதான் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவிருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பே ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டினார். ஊரார் பார்ப்பதற்கு முன் இவர்கள் பார்க்கட்டும் என்று அவர் நினைத்தது வீண்போகவில்லை. பின்னால் இந்தத் தொடரைக் காப்பாற்றியவர்கள் இவர்களும் இவர்களுடைய கூட்டாளிகளும்தான்.

தொடரைப் பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. 23-ம் நூற்றாண்டு. 'எண்டர்பிரைஸ்' என்ற விண்கலம் தெரியாத உலகங்களைத் தேடிப் போகிறது. கேப்டன் கிர்க் தலைவர். மெக்காய் மருத்துவர். தொலைத்தொடர்பைக் கவனிப்பவர் உஹூரா என்ற கறுப்பினப் பெண் அதிகாரி. கலத்தைச் செலுத்துபவர் ஆசிய முகம் கொண்ட சுலு. இரண்டாம் சீசனில், பனிப்போர் உச்சத்தில் இருந்த அந்தக் காலத்தில், செக்கோவ் என்ற ரஷ்யரும் வந்து சேர்ந்தார். இவர்களுக்கு நடுவில் ஸ்பாக். தந்தை வல்கன் கிரகத்தவர், தாய் பூமியில் பிறந்தவர். உணர்ச்சியை அடக்கி அறிவின் வழி நிற்பது வல்கன்களின் ஒழுக்கம். ஸ்பாக்கோ இரண்டு ரத்தத்தையும் சுமந்துகொண்டு, எந்தப் பக்கத்துக்கும் முழுச் சொந்தமாகாமல் நிற்பவர்.

ரசிகர்கள் பேனாவை எடுத்தது இந்த ஸ்பாக்குக்காகத்தான்.

புரூக்ளினிலிருந்து ஓர் இதழ்

முதல் சீசன் முடிந்தபோது ஸ்பாக்கின் வல்கன் கிரகம் திரையில் ஒருமுறைகூட வந்திருக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வசனங்கள், கூர்மையான காதுகள், பச்சை ரத்தம், ஒரு யாழ். அவ்வளவுதான் கிடைத்திருந்தது. மீதியை யார் சொல்வது?

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் டெவ்ரா லாங்சம், ஷெர்னா கமர்ஃபோர்ட் என்ற இரு பெண்கள் அந்த வேலையைக் கையிலெடுத்தார்கள். லாங்சம் நூலகர். 1967 செப்டம்பரில் இருவரும் சேர்ந்து 'ஸ்பாகனேலியா' என்ற இதழைக் கொண்டுவந்தார்கள். ஸ்டார் ட்ரெக்குக்கென்றே வந்த முதல் ஃபேன்ஸீன் என்று வரலாற்றில் இடம்பிடித்திருக்கிறது இது. 1970 வரை ஐந்து இதழ்கள் வந்தன.

அந்தக் காலத்தில் ஓர் இதழைக் கொண்டுவருவது எவ்வளவு உடலுழைப்பு என்பதைச் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தைச் சுற்றியவர்கள் அறிவார்கள். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளைத் தட்டச்சு இயந்திரத்தில் மாட்டி, ரிப்பனை விலக்கிவிட்டு, எழுத்துக்கட்டைகள் நேராகத் தாளில் பதியும்படி அடிக்க வேண்டும். ஓர் எழுத்து பிழைத்தால் திருத்தும் திரவத்தைத் தடவி, உலரக் காத்திருந்து, மறுபடி அடிக்க வேண்டும். படம் போட வேண்டுமென்றால் கூரான எழுத்தாணியால் ஸ்டென்சிலைக் கீற வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் தாள் கிழிந்துவிடும். பிறகு உருளையில் மாட்டி, மை ஊற்றி, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு பக்கமும் தனித்தனி அடுக்காக மேசையில் குவியும். நண்பர்கள் கூடி, மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து, பக்கத்துக்கு ஒரு தாள் எடுத்து, அடுக்கி, பின் அடித்து, உறையிலிட்டு, தபால் தலை ஒட்டி அனுப்புவார்கள். எழுதியவருக்குச் சன்மானம் ஓர் இதழ். விலை வைத்தால், அது தாளுக்கும் மைக்கும் தபாலுக்கும் சரியாகப் போகும்.

முதல் இதழைப் புரட்டுவோம். ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாயின் கடிதம் ஒன்று இருந்தது. வல்கன்களின் இதயம் எப்படி அமைந்திருக்கக்கூடும் என்று ஆராயும் கட்டுரை ஒன்று இருந்தது. தொடரில் வல்கன்களின் உடலைப் பற்றி வந்த துணுக்குகளை வைத்துக்கொண்டு, உயிரியல் மாணவர் தேர்வு எழுதுவதுபோல் அக்கறையோடு எழுதப்பட்டது அது. இன்னொரு பக்கத்தில் டோரதி ஜோன்ஸ் எழுதிய கவிதை. ஸ்பாக்கின் யாழோடு சேர்த்துப் பாடத்தக்கது என்ற கற்பனையில் அமைந்தது. டோரதி ஜோன்ஸ் வல்கன் மொழி ஒன்றையே உருவாக்கிக்கொண்டிருந்தவர். அந்தக் கவிதை எந்த வடிவத்தைச் சேர்ந்தது என்பதற்கு அவர் தம் வல்கன் மொழியில் ஒரு பெயர் வைத்தார்: 'நி வார்'.

'இரு வடிவம்' என்று அதற்குப் பொருள். ஒன்றையொன்று ஒத்தும் மாறுபட்டும் நிற்கும் இரண்டு பொருள்களை, அல்லது ஒரே பொருளின் இரண்டு முகங்களை, எதிரெதிரே வைத்துப் பார்க்கும் கலை வடிவம். ஸ்பாக் என்ற பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு சொல்லைத் தொடரின் எழுத்தாளர்களே கண்டிருக்க முடியுமா என்பது ஐயம். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இது மறுபடி வரும்.

ரோடன்பெரி என்ன செய்தார்? தம் பாத்திரத்தை யாரோ எடுத்து எழுதுகிறார்களே என்று வக்கீலை அனுப்பவில்லை. ஸ்பாகனேலியாவைத் தம் அலுவலகத்தில் எல்லோரும் படிக்க வேண்டும் என்று வைத்திருப்பதாக ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். தொடரின் கதைப் பொறுப்பாளராக இருந்த டி.சி. ஃபான்டானாவும் ரசிகர் இதழ்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். தங்கள் உலகத்தில் குடியேறியவர்கள் அதைத் துப்புரவாக வைத்திருக்கிறார்கள் என்பது அந்த இருவருக்கும் தெரிந்திருந்தது.

அட்டைகளில் ஒரு நினைவகம்

ரசிகர் உழைப்பு என்றால் கதை எழுதுவது மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. 1967-ல் வீட்டில் வீடியோ கிடையாது. பேட்டாமேக்ஸ் வந்தது 1975-ல். ஓர் எபிசோடு ஒளிபரப்பானால் ஒருமுறை பார்க்கலாம். கோடையில் மறுஒளிபரப்பு வந்தால் இன்னொரு முறை. ஆகவே ரசிகர்கள் டேப் ரெக்கார்டரைத் தொலைக்காட்சிப் பெட்டியருகே வைத்து வசனங்களைப் பதிவு செய்தார்கள். திரையைக் கேமராவால் படமெடுத்தார்கள். மறந்துபோகாமலிருக்க உடனே எழுதி வைத்தார்கள்.

'நி வார்' தந்த அதே டோரதி ஜோன்ஸ், ஒவ்வொரு எபிசோடிலும் வந்த பெயர், ஊர், கிரகம், கருவி எல்லாவற்றையும் சிறு அட்டைகளில் குறித்து வைத்திருந்தார். பீஜோ, ஜான் ட்ரிம்பிள் என்ற ரசிகத் தம்பதியின் முயற்சியில் அந்த அட்டைகள் 1969-ல் 'ஸ்டார் ட்ரெக் கன்கார்டன்ஸ்' என்ற நூலாயின. பழைய இலக்கியத்துக்குச் சொல்லடைவு தயாரிக்கும் அறிஞர் செய்யும் அதே வேலை. ரசிகர் ஓவியர்கள் படம் வரைந்து தந்தார்கள். 1976-ல் பாலன்டைன் என்ற பெரிய பதிப்பகம் அதை அச்சிட்டு நாடு முழுக்க விற்றது.

விமர்சனமும் இப்படித்தான் வளர்ந்தது. ஒவ்வோர் இதழிலும் வாசகர் கடிதப் பகுதி உண்டு. இந்த எபிசோடில் கிர்க் எடுத்த முடிவு சரிதானா, உஹூராவுக்கு ஏன் ஒரு முழுக்கதை தரவில்லை, சென்ற இதழில் வந்த கதையில் ஸ்பாக் ஸ்பாக்காக இருக்கிறாரா என்று வரிவரியாக வாதம் நடக்கும். பதில் அடுத்த இதழில் வரும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். அந்தக் காத்திருப்பில் கோபம் ஆறி, வாதம் கூர்மையாகும். பின்னாளில் கடிதங்களை மட்டுமே தாங்கிய இதழ்களும் தோன்றின.

பத்துக்குப் பத்து

1967 இறுதியில் ஒரு செய்தி பரவியது: இரண்டாம் சீசனோடு தொடரை என்.பி.சி. நிறுத்தப்போகிறது. படப்பிடிப்புத் தளத்துக்குப் போயிருந்த பீஜோ ட்ரிம்பிளும் ஜான் ட்ரிம்பிளும் அங்கே இதைக் கேள்விப்பட்டார்கள். வீடு திரும்பும் வழியில் காரிலேயே பேச்சு எழுந்தது. ஏதாவது செய்யவேண்டும் என்றவர் ஜான். செய்தவர் பெரும்பாலும் பீஜோ. அறிவியல் புனைகதை மாநாடுகளில் ஓவியக் கண்காட்சியைத் தொடங்கிவைத்தவர் அவர். ஆட்களைத் திரட்டத் தெரிந்தவர்.

மாநாடுகளின் அஞ்சல் முகவரிப் பட்டியல்களைக் கேட்டு வாங்கினார். சைக்ளோஸ்டைலில் ஒரு வேண்டுகோள் அடித்தார். விதி எளியது: நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள், உங்களுக்குத் தெரிந்த பத்துப் பேரை எழுதச் சொல்லுங்கள், அவர்கள் ஒவ்வொருவரும் பத்துப் பேரிடம் சொல்லட்டும். எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடும் மனு வேண்டாம். ஒவ்வொருவரும் தம் சொந்த வார்த்தையில் எழுதட்டும். நூறு கையெழுத்து உள்ள ஒரு மனு ஒற்றைத் தபாலாகத்தான் கணக்கில் வரும், நூறு கடிதமோ நூறு வீடு என்பதை அவர் அறிந்திருந்தார்.

1968 ஜனவரியில் கால்டெக் மாணவர்கள் தீப்பந்தமேந்தி என்.பி.சி.யின் பர்பாங்க் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். கடிதங்களோ லட்சத்தைத் தாண்டின. மார்ச் 1-ம் தேதி இரவு எபிசோடு முடிந்ததும் என்.பி.சி. தன் அறிவிப்பாளர் குரலிலேயே நேயர்களுக்குச் சொன்னது: தொடர் தொடரும்.

மூன்றாம் சீசனுக்குக் கிடைத்த இடம் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. இளைஞர்கள் வீட்டில் இல்லாத நேரம். செலவுக்கான பணமும் குறைந்தது. 1969 ஜூன் 3-ல் கடைசி எபிசோடு போனது. கடிதப் போராட்டம் தோற்றுவிட்டது என்று அன்று பலர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். முதல் இரண்டு சீசன்களில் 55 எபிசோடுகள். மூன்றாவதில் 24. மொத்தம் 79. உள்ளூர் நிலையங்கள் தினமும் மாலையில் ஒரு தொடரை மறுஒளிபரப்புவதென்றால், சில வாரங்களிலேயே சரக்குத் தீர்ந்துபோகக்கூடாது. அந்த 24 எபிசோடுகள் சேர்ந்ததால்தான் ஸ்டார் ட்ரெக் மறுஒளிபரப்புச் சந்தையில் எளிதில் விலைபோகும் பண்டமாயிற்று. எழுபதுகளில் பள்ளிவிட்டு வந்த குழந்தைகள் மாலைதோறும் அதைப் பார்த்து வளர்ந்தார்கள். 1979-ல் திரைப்படம் வந்தது. அதன் பிறகு தொடர்மேல் தொடர். இவை எல்லாவற்றுக்கும் அடியில் தபால் தலை ஒட்டிய ஒரு லட்சம் உறைகள் கிடக்கின்றன.

தட்டச்சு இயந்திரத்தின் முன் பெண்கள்

தொடர் நின்றபிறகுதான் ரசிகர் எழுத்து காட்டாறாயிற்று. 1972 ஜனவரியில் நியூயார்க்கின் ஸ்டாட்லர் ஹில்டன் ஹோட்டலில் ரசிகர்கள் மாநாடு கூட்டினார்கள். சில நூறு பேரை எதிர்பார்த்தார்கள். மூவாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். ரோடன்பெரி வந்தார், ஐசக் அசிமோவ் வந்தார், நாசாவும் கண்காட்சிப் பொருள்களைக் கொண்டுவந்து வைத்தது.

இந்தக் கூட்டத்தில் ஒரு புதுமை இருந்தது. பழைய அறிவியல் புனைகதை ரசிகர் உலகம் பெரும்பாலும் ஆண்களுடையது. ஸ்டார் ட்ரெக் இதழ்களிலோ கதை எழுதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்று ஆய்வாளர்கள் 1973-ம் ஆண்டைப் பற்றிக் கணித்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் எழுதும் வாய்ப்பும் அறிவியல் புனைகதை இதழ்களில் பக்கமும் பெண்களுக்கு அரிதாகக் கிடைத்த நாட்கள் அவை. யாரும் திறக்காத கதவுக்கு வெளியே காத்திருக்காமல், தமக்கென ஓர் அறையை இவர்களே கட்டிக்கொண்டார்கள்.

அந்த அறையில் என்னென்ன நடந்தன? ஜாக்குலின் லிக்டன்பர்க் 1970-ல் 'க்ரெய்த்' என்ற கதைவரிசையைத் தொடங்கினார். ரூத் பெர்மன் நடத்திய 'டி-நெகட்டிவ்' இதழில் அது வெளிவந்தது. வல்கன்களின் குடும்பம், சடங்கு, அரசியல் என்று ஒரு முழு நாகரிகத்தை அது விரித்தது. அவர் எழுதிய உலகத்துக்குள் பிறரும் நுழைந்து எழுதினார்கள். ஏறத்தாழ ஐம்பது பேர் அதற்குப் பங்களித்தார்கள். ஒருவர் கண்ட கிளைக்கதையை இன்னொருவர் தொடர, காவியங்களைச் சுற்றிக் கிளைக்கதைகள் வளர்ந்த பழைய முறை அமெரிக்க நடுத்தர வீடுகளில் மறுபிறப்பு எடுத்தது.

1974-ல் 'க்ரப்' என்ற இதழில் ஆஸ்திரேலியாவின் டயான் மர்ச்சண்ட் ஒரு சிறு காட்சியை எழுதினார். இருவரின் காதல். பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அது கிர்க்கும் ஸ்பாக்கும் என்று வாசகர்கள் புரிந்துகொண்டார்கள். கடிதப் பக்கங்கள் பற்றி எரிந்தன. பெயர்களுக்கு நடுவே போட்ட சாய்கோடு ஓர் இலக்கிய வகைக்கே பெயராயிற்று. ஆண்-ஆண் காதலைப் பொது ஊடகம் பேசவே கூசிய காலத்தில், அதைக் கேலியின்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் இந்தப் பெண்கள்.

1975-ல் கேண்டி ஃபாங் என்ற ரசிகை, படத்தொகுப்பில் வெட்டிப்போட்ட ஃபிலிம் துண்டுகளை ஸ்லைடுகளாக்கி, ரசிகர் பாட்டு ஒன்றைக் கேசட்டில் ஓடவிட்டு, பாட்டின் தாளத்துக்கேற்பப் படங்களை மாற்றிக் காட்டினார். பிடித்த காட்சிகளைப் பாட்டுக்கு ஏற்பத் தொகுத்து இன்று கைப்பேசியிலேயே செய்து பகிர்கிறார்களே, அந்தக் கலையின் மூதாதை அந்த ஸ்லைடு காட்சிதான்.

மேரி சூ என்ற பதினைந்தரை வயதுப் பெண்

இந்த உலகம் தன்னைத் தானே சீர்தூக்கிப் பார்க்கவும் தவறவில்லை. இதழ்களுக்கு வந்து குவிந்த கதைகளில் ஒரு வகை அலுப்பூட்டுமளவுக்குப் பெருகியது. கலத்துக்கு ஓர் இளம்பெண் வருகிறாள், பேரழகி, பேரறிவாளி, கிர்க் மயங்குகிறார், ஸ்பாக் வியக்கிறார், எல்லோரையும் காப்பாற்றிவிட்டு, எல்லோரும் அழ, உயிர் விடுகிறாள். 1973 டிசம்பரில் 'மெனாஜரி' இதழில் அதன் ஆசிரியர்களில் ஒருவரான பாலா ஸ்மித் இந்த வகையைக் கிண்டல் செய்து ஒரு குட்டிக்கதை எழுதினார். நாயகி லெஃப்டினன்ட் மேரி சூ, வயது பதினைந்தரை, விண்படையிலேயே மிக இளைய அதிகாரி.

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்று உலகெங்கும் கதை பேசுவோர் 'மேரி சூ' என்றால் எழுதியவரின் ஆசைக் கனவே பாத்திரமாக வந்திருக்கிறது என்று பொருள் கொள்கிறார்கள். நல்ல விமர்சனச் சொல்தான். ஆனால் அதற்கு ஒரு தீய பயனும் உண்டாயிற்று. திறமையான பெண் பாத்திரம் எது வந்தாலும் மேரி சூ என்று சொல்லி ஒதுக்குவது வழக்கமானது. தங்களை மேரி சூ என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி, பெண் பாத்திரத்தையே எழுதத் தயங்கியவர்களும் உண்டு. அதேபோல எல்லாம் வல்ல ஆண் நாயகர்களை யாரும் அவ்வளவு எளிதில் குறைசொல்வதில்லை. பதினைந்து வயதில் ஒரு பெண் தன்னைக் கதையின் நடுவில் நிறுத்தி எழுதிப் பார்ப்பது குற்றமன்று. கைக்குப் பழக்கம் வருவது அப்படித்தான். எழுத வந்த பெண்கள் பலருக்கும் அதுவே முதல் படி.

கதவு திறந்த ஆண்டு

1976-ஐ இந்த வரலாற்றின் திருப்புமுனை என்பேன். அந்த ஆண்டு பான்டம் பதிப்பகம் 'ஸ்டார் ட்ரெக்: த நியூ வாயேஜஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டது. ரசிகர்கள் எழுதிய கதைகள் கடை அலமாரிக்கு வந்தன. ரோடன்பெரி முன்னுரை தந்தார். கதைகளுக்கு நடிகர்கள் அறிமுகம் எழுதினார்கள். அதில் கிளேர் கேப்ரியல் எழுதிய ஒரு கதையில் ஸ்பாக் இரண்டாகப் பிளவுபடுகிறார்: ஒருவர் மனிதர், ஒருவர் வல்கன். கதையின் தலைப்பு 'நி வார்'. டோரதி ஜோன்ஸ் படைத்த சொல், ஒன்பது ஆண்டுகளில் ஒரு ரசிகையிடமிருந்து இன்னொரு ரசிகைக்குச் சென்று, சைக்ளோஸ்டைல் தாளிலிருந்து அச்சுப் புத்தகத்துக்கு ஏறிவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பர் 17. கலிஃபோர்னியாவின் பாம்டேலில் நாசாவின் முதல் விண்வெளி ஓடம் வெளியே இழுத்துவரப்பட்டது. அதற்கு 'கான்ஸ்டிடியூஷன்' என்று பெயர் வைப்பதாக இருந்தது. ரசிகர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதினார்கள். பத்துக்குப் பத்து என்ற பழைய பாடம் மறக்கவில்லை. குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டு பெயரை மாற்றினார். ஓடத்தின் பக்கவாட்டில் 'எண்டர்பிரைஸ்' என்று எழுதியிருந்தது. நிமாயும் சக நடிகர்களும் ரோடன்பெரியும் அங்கே நின்றிருந்தார்கள்.

ரசிகர் நின்ற இடத்திலிருந்து எழுத்தாளர் இருக்கைக்குப் போனவர்களும் உண்டு. கல்லூரி மாணவராக இருந்தபோது கதைக்குறிப்பு அனுப்பி, 1967 டிசம்பரில் ஒளிபரப்பான 'த ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்' எபிசோடை எழுதியவர் டேவிட் ஜெரால்ட். இன்றும் அது தொடரின் மிகப் பிரியமான எபிசோடுகளில் ஒன்று. இருபதாண்டு கழித்து, ரசிகராக வளர்ந்த ரொனால்ட் டி. மூர், பின்னர் வந்த ஸ்டார் ட்ரெக் தொடரின் படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்கப் போகையில் கையோடு ஒரு திரைக்கதையைக் கொண்டுபோனார். 1989-ல் அது எபிசோடாயிற்று. பின்னர் புதிய 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வை உருவாக்கியவர் அவர்.

இந்த உறவில் கசப்பும் வந்தது. 'ஆக்ஸனார்' என்ற ரசிகர் திரைப்படத்துக்குப் பொதுமக்களிடம் பெருந்தொகை திரட்டப்பட்டபோது, 2015 இறுதியில் ஸ்டார் ட்ரெக் உரிமையை வைத்திருந்த பாரமவுண்டும் சி.பி.எஸ்.ஸும் வழக்குத் தொடுத்தன. அடுத்த ஆண்டு ரசிகர் படங்களுக்கு விதிகள் வந்தன: ஒரு கதை 15 நிமிடம், இரண்டு பகுதியானால் 30 நிமிடம், திரட்டும் பணம் 50,000 டாலருக்குள். பணம் பெரிதானால் சட்டம் விழித்துக்கொள்ளும் என்பது இயல்பு. தாளுக்கும் மைக்கும் மட்டும் காசு வாங்கிய பழைய பெண்கள், சட்டம் சொல்வதற்கு முன்பே அந்தக் கோட்டைத் தாங்களாகவே போட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய நாணயத்தால்தான் அந்த உலகம் அத்தனை ஆண்டு தடையின்றி வளர்ந்தது.

சொல் வீடு திரும்பியது

2000-களின் தொடக்கத்தில் வந்த 'எண்டர்பிரைஸ்' தொடரில் ஒரு வல்கன் கப்பலுக்கு நி'வார் என்று பெயர். பிறகு 2020 நவம்பர் 26 அன்று 'டிஸ்கவரி' தொடரின் மூன்றாம் சீசனில் ஓர் எபிசோடு. எதிர்காலத்தில், நெடுங்காலம் பிரிந்திருந்த வல்கன்களும் ரோமுலன் என்ற இனத்தாரும் ஒரே கிரகத்தில் ஒன்றாக வாழ்கிறார்கள். ஒரே மூதாதையர், இரண்டு முகங்கள். இனி அந்தக் கிரகத்தின் பெயர் வல்கன் அல்ல. நி'வார்.

1967-ல் ஒரு ரசிகை தம் கவிதைக்கு வைத்த வடிவப் பெயர், 53 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்பாக் பிறந்த உலகத்துக்கே பெயராயிற்று. பொருளும் மாறவில்லை: இரு வடிவம்.

ஒரு கதையை ஒரு நிறுவனம் சட்டப்படி சொந்தம் கொண்டாடலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கதை ஐம்பது ஆண்டுகள் உயிரோடிருந்தது யாரால் என்ற கேள்விக்கு உரிமைப் பத்திரத்தில் விடை கிடையாது. இதழ் நடத்திய நூலகர், அட்டையில் குறித்துவைத்த மொழிப்பித்தர், பத்துப் பேருக்குக் கடிதம் எழுதிய இல்லத்தரசி, ஸ்லைடு மாற்றிய பெண். தொடரை உருவாக்கியவர்களின் வரிசையில் இவர்களுக்கும் இடமுண்டு என்பதே இந்தத் தொடரில் நான் தரும் தீர்ப்பு.

அந்த இதழ்கள் பல இன்று அயோவா பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. மை மங்கி, ஓரம் பழுத்த அந்தத் தாள்கள் இல்லையென்றால், நி வார் எங்கிருந்து வந்தது என்று இன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. வாசகரே, நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவர்களோ இளமையில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகை, வரைந்த காமிக்ஸ், பிடித்த தொடருக்கு எழுதிப் பார்த்த மாற்று முடிவு ஏதேனும் பரணில் கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேதியும் பெயரும் எழுதி எடுத்து வையுங்கள்.

(அடுத்த வாரம்: 1975 டிசம்பர் 21. டோக்கியோவில் ஒரு சிறு மண்டபம், 32 குழுக்கள், மேசைமேல் தாங்களே வரைந்த காமிக்ஸ். 'காமிக்கெட்' பிறந்த கதை.)